எட்டு வினாடித் தூக்கம்

உங்கள் பெயரை யாராவது உங்கள் கண் முன்னாலேயே, ஒரே ஒரு விசையைத் தட்டி அழித்திருக்கிறார்களா? எனக்கு நடந்திருக்கிறது. ஸ்பேஸ் பார். கீபோர்டிலேயே பெரிய விசை, பார்த்தால் அப்பாவியான விசை. தட்டியவர் என் டீம் லீட். தட்டிவிட்டு அதே கையால் பழம்பொரியை, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜியை, எடுத்துக் கடித்தார். ஐந்து வருடம் ஆகிவிட்டது, அந்த எண்ணெய்ப் பிசுக்கு என் கீபோர்டில் பட்டது இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் இல்லை. மன்னிப்பதுதான் பெரிய மனசு என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

என் மேசைமேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. சாம்பல் நிறம், முன்னால் உள்ளங்கை அகலத்தில் திரை, பின்னால் பேட்டரி ஒயர், பக்கவாட்டில் மிளகளவு ஒரு ரீசெட் பட்டன். மீன்பிடிப் படகுக்காகச் செய்தது. படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, அது திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, கீழே எத்தனை ஆழம், நடுவில் மீன்கூட்டம் உண்டா என்று திரையில் கோடு போட்டுக் காட்டும். பெட்டிக்குள்ளே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒலியைக் கவனிக்கிற எக்கோ போர்டு ஒன்று, லினக்ஸ் ஓடுகிற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று. ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பதுதான் டிரைவர். அந்த டிரைவரை எழுதியது நான். இந்த ஒரு வாக்கியத்தை அச்சில் பார்க்கத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கழக்கூட்டத்தில், ஐடி பார்க்கின் மதிலுக்கு வெளியே, ஒரு வாடகை வீட்டின் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் எட்டுப் பேர். விசிட்டிங் கார்டில் மட்டும் பார்க்குக்கு உள்ளே இருப்பதுபோல ஒரு சாயல் தெரியும்படி முகவரியை அடித்திருந்தார்கள். நான் ஆரியசாலையிலிருந்து கிளம்பி, கிழக்கேகோட்டையில் பஸ் பிடித்து, ஹைவே நெரிசலில் நின்றபடியே போய்ச் சேருவேன். எங்கள் அப்பாவுக்கு ஆரியசாலையில் மல்லி, வத்தல் மொத்தக்கடை. வேடிக்கை என்னவென்றால் டீம் லீடின் வீடும் எங்கள் கடையிலிருந்து மூன்று சந்து தள்ளித்தான். ஊர் மலையாளம் பேசுகிற ஊர் என்றாலும் எங்களைப்போல அவர் வீட்டிலும் தமிழ்தான். ஆனால் ஆபீஸ் படி ஏறினதும் அவருக்குத் தமிழ் மறந்துபோகும். மலையாளத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிடுவார்: "எடா அண்ணாச்சி, இன்னைக்கு மல்லிக்கு எந்தா விலை?" ஆபீஸே சிரிக்கும். நானும் பல்லைக் காட்டுவேன். அவர் தமிழில் பேசினால் மட்டும் நான் உஷாராகிவிடுவேன். ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது, அதை என் தலையில் கட்டப்போகிறார் என்று அர்த்தம்.

கெர்னல் என்கிற லினக்ஸின் நடுத்தண்டோடு ஒரு டிரைவரைச் சேர்க்க இரண்டு வழி உண்டு. எங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். கடை முகப்பில் கதவு கிடையாது, நம்பர் எழுதிய நிரைப்பலகைகள்தான். காலையில் ஒவ்வொன்றாக உருவி எடுப்போம், கடை அடைக்கும்போது ஒவ்வொன்றாகச் சொருகுவோம். மாட்யூல் என்பது அந்தப் பலகை. கெர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொருகலாம், சரியில்லையா, உருவி எடுத்துச் செதுக்கி மறுபடி சொருகலாம். பில்ட்-இன் என்பது சுவர். கட்டும்போதே சேர்த்துக் கட்டியது. ஒரு செங்கல் கோணல் என்றாலும் இடித்துத்தான் கட்டவேண்டும். சுவரைக் குறை சொல்லவில்லை. சுவர் சீக்கிரம் எழும், தொலையாது, யாரும் சொருக மறந்துவிட முடியாது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. மாட்யூலில் எழுதியவர் பெயர் என்று ஒரு வரி கூடவே போகும். யார் வேண்டுமானாலும் ஒரு கட்டளை தட்டினால் அந்தப் பெயர் திரையில் வரும். அதே டிரைவரை பில்ட்-இன் ஆக்கினால், எங்கள் 2.4 கெர்னல் காலத்தில், கம்பைல் ஆகும்போதே அந்த வரி உதிர்ந்துவிடும். சோர்ஸில் இருக்கும், பெட்டிக்குள் போகாது.

நான் மாட்யூலாகத்தான் எழுதினேன். அஞ்சு மாசம். எக்கோ போர்டோடு மல்லுக்கட்டி அதன் குணம் முழுக்க எனக்கு அத்துப்படியாகிவிட்டது. அது எழுந்திருக்கச் சோம்பல்படுகிற ஜென்மம். கரண்ட் வந்ததும் தன்னைத்தானே சோதித்துப் பார்த்துக்கொண்டு, ஆறேழு வினாடி கழித்துத்தான் கண் திறக்கும். அதற்குள் கூப்பிட்டால் பதில் வராது. என் டிரைவரோ ஒரே ஒரு தடவைதான் கூப்பிடும். பதில் இல்லையென்றால் 'போர்டு இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடும். அதனால் பெட்டி ஆன் ஆகும்போது ஓடுகிற ஸ்கிரிப்டில் 'ஸ்லீப் 8' என்று ஒரு வரி போட்டேன். எட்டு வினாடி தூங்கு. அதற்கு அடுத்த வரியில் மாட்யூலை ஏற்று. டிரைவருக்குள்ளேயே மறுபடி மறுபடி கூப்பிடும்படி எழுதியிருக்கலாமே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். எழுதியிருக்கலாம். ஒரே வரியில் வேலை முடியும்போது எதற்கு என்று விட்டேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் படகுக் கருவிகள் விற்கிற ஒரு வெளிநாட்டு கிளையண்ட் பெட்டியைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. விழிஞ்ஞத்தில் படகில் வைத்து டெமோ. பிடித்துப்போனால், டிரைவரை எழுதியவர் ஆறு மாதம் அவர்கள் ஊருக்கு ஆன்சைட் போகவேண்டும் என்று முதலாளியே எல்லோர் முன்னாலும் சொன்னார். எழுதியவர். அந்த வார்த்தை காதில் விழுந்த வாரமே பாஸ்போர்ட்டுக்கு ஓடினேன். ஆரியசாலையில் பாதிக் கடைகளுக்கு அப்பாவே போய்ச் சொல்லிவிட்டார். டீம் லீட் கிளையண்டுக்குக் கொடுக்கிற டாகுமென்ட்டை மட்டும், இந்த முறை நானே தயார் பண்ணுகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

டெமோவுக்கு நான்கு நாள் முன்பு, சாயங்கால டீ நேரத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ஒரு கையில் பழம்பொரி.

"தம்பி, கொஞ்சம் நகந்துக்கோ."

தமிழ். நகர்ந்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்து கெர்னலின் பட்டியலைத் திறந்தார். ஒவ்வொரு டிரைவருக்கும் முன்னால் ஒரு சின்ன அடைப்பு இருக்கும். மாட்யூல் என்றால் அதற்குள் எம் என்ற எழுத்து, பில்ட்-இன் என்றால் ஒரு நட்சத்திரம்.

"மாட்யூல் எல்லாம் காலேஜ் பிள்ளைங்க விளையாட்டாக்கும். புரொடக்ட்டுன்னா பில்ட்-இன். கிளையண்ட் சுவிட்ச போட்டா டக்குன்னு வந்து நிக்கணும், கேட்டியா?"

ஸ்பேஸ் பாரைத் தட்டினார். எம் போய் நட்சத்திரம் வந்தது.

கம்பைல் ஆக இருபது நிமிஷம். நான் நின்றுகொண்டே இருந்தேன். புதுக் கெர்னலோடு பெட்டி எழுந்ததும் என் பெயரைக் காட்டும் கட்டளையைத் தட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்றது. கெர்னல் ஃபைலுக்குள் எழுத்து எழுத்தாகத் தேடவிட்டேன். இல்லை.

"சார், என் பேரு போச்சே."

"எந்தப் பேரு?"

"எழுதினவர் பேரு சார். பில்ட்-இன் ஆக்கினா அது வராது."

"தெரியும்டா."

இந்த 'தெரியும்டா' இருக்கிறதே, அதைத்தான் நான் ஐந்து வருடமாக வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன். தெரியாமல் செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். அவர் பாதிப் பழம்பொரியைக் காகிதத்தில் வைத்துவிட்டு, ஆபீஸ் பக்கம் திரும்பி, அவருடைய மலையாளத்துக்குத் தாவினார். "அண்ணாச்சிக்கு பெட்டி மேல பேரெழுதி போர்டு வைக்கணும்போலும்! கடைப் பழக்கம் அல்லே, போகுமோ?" எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மேசையில் கிளையண்டுக்கான டாகுமென்ட் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தது. முதல் பக்கத்தில், எழுதியவர் என்ற இடத்தில், அவர் பெயர். அவர் பெயர் மட்டும்.

சிரிக்காத ஒரே ஆள் டெஸ்டிங் சேச்சி. மலையாளி, என்னைவிட நாலைந்து வயது மூத்த அக்கா. ஜன்னலோரம் அவர் மேசை. நாங்கள் கட்டிக்கொடுப்பதையெல்லாம் ஓட்டிப் பார்த்து, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அவர் மேசையில் பெட்டி மூடியிருக்காது, குடல் வெளியே கிடக்கும். எக்கோ போர்டுக்குத் தனி பவர் சப்ளை. அதன் சுவிட்ச் மேசைக்கு அடியில், கால் மிதிக்கிற இடத்தில் இருந்ததால் யாரும் குனிந்து அணைக்கமாட்டோம். வாரக்கணக்கில் அது ஆனிலேயே கிடக்கும். நாங்கள் அணைத்து எழுப்புவது கம்ப்யூட்டர் பக்கத்தை மட்டும். அதாவது அந்த மேசையில் எக்கோ போர்டு எப்போதும் விழித்தே இருக்கும். இது எனக்குத் தெரியும். டீம் லீடுக்கு அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை.

அவர் அடுத்து ஸ்கிரிப்டைத் திறந்தார். மாட்யூலை ஏற்றும் வரியை அழித்தார். அதற்கு மேல் இருந்த வரியில் கர்சர் நின்றது.

"இதென்னடா ஸ்லீப் எட்டு? பெட்டிக்கும் உறக்கமா?"

நாக்கு நுனியில் பதில் இருந்தது. போர்டு எழுந்திருக்க ஏழு வினாடி ஆகும் சார், பில்ட்-இன் ஆக்கினால் கெர்னல் மூன்றாவது வினாடியிலேயே கூப்பிட்டுவிடும் சார், படகில் இரண்டுக்கும் ஒரே பேட்டரி சார். பத்து வினாடியில் சொல்லிமுடித்துவிடலாம். டிரைவருக்குள் அஞ்சு வரி சேர்த்தால் சரியாகவும் போய்விடும்.

"சும்மா போட்டது சார். எடுத்துடலாம்."

எடுத்தார்.

"வேற ஒண்ணும் இல்லல்ல?"

"ஒண்ணும் இல்ல சார்."

அடுத்த இரண்டு நாள் சேச்சி தன் மேசையில் வைத்து நாற்பது ஐம்பது தடவை பூட் பண்ணிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பெட்டி சொன்னபடி எழுந்தது, முன்னைவிட எட்டு வினாடி சீக்கிரமாக. டீம் லீட் சீன் போட்டுக்கொண்டு திரிந்தார். சேச்சி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டார். நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விழிஞ்ஞத்தில் டெமோ அன்று காலையில் கடல் தட்டையாக இருந்தது. படகுக்காரர் அந்த ஊர்க்காரர், அம்பது வயசு இருக்கும். பெட்டியை ஸ்டியரிங் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார். கிளையண்ட் பக்கமிருந்து நரைத்த தலைக்காரர் ஒருவர், அதிகம் பேசாதவர், முழங்கால்வரை பேண்ட்டை மடித்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். கரையை விட்டுக் கொஞ்சம் வந்ததும் டீம் லீட், கல்யாண வீட்டில் குத்துவிளக்கு ஏற்றுகிற பாவனையில் பேட்டரி சுவிட்சைப் போட்டார்.

திரை எழுந்தது. வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடின. நின்றன. கடைசி வரியில் நான் எழுதிய அந்த இரண்டு சொற்கள்: போர்டு இல்லை.

சுவிட்சை அணைத்துப் போட்டார். போர்டு இல்லை. மறுபடி அணைத்தார், மனசுக்குள் பத்து எண்ணினார், போட்டார். போர்டு இல்லை. அணைக்கிற ஒவ்வொரு முறையும் எக்கோ போர்டை அவரே மறுபடி தூங்கவைத்துக்கொண்டிருந்தார். பேட்டரியைத் தொடாமல் பக்கவாட்டு ரீசெட் பட்டனை ஒரே ஒரு தடவை அழுத்தினால் போதும். கம்ப்யூட்டர் மட்டும் புதிதாக எழும்பும், அப்போது எக்கோ போர்டு விழித்திருக்கும், கோடு வந்துவிடும். என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது அந்தப் பட்டன். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

"சாரே," என்றார் படகுக்காரர், "பெட்டி கடலக் கண்டு பயந்துபோச்சா? வேணும்னா நான் சொல்லட்டா, இங்க பன்னெண்டு ஆளு ஆழம். கூலி ஒண்ணும் வேண்டாம்."

டீம் லீட் வியர்த்து வழிந்தபடி என் காதருகே வந்தார். தமிழ். "தம்பி, எதாவது செய்டா. நம்ம மானம் போகுது."

"மாட்யூலா இருந்தா இங்கயே ஒரு வரி தட்டி ஏத்திடலாம் சார். பில்ட்-இன் ஆச்சே. ஆபீஸ் போயி கம்பைல் பண்ணித்தான் கொண்டுவரணும்."

முகம் சுருங்கிப்போனது. அந்த முகத்தை நான் பிரேம் போட்டு வைத்திருக்கிறேன். கெட்ட கனவு வருகிற நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

நரைத்த தலைக்காரர் பொறுமையாக ஆங்கிலத்தில் கேட்டார், டிரைவரை எழுதியது யார் என்று. டீம் லீட் யோசிக்கவே இல்லை. என் தோளில் கையைப் போட்டு முன்னால் தள்ளினார். இந்தப் பையன்தான், காலேஜ் முடித்துப் புதிதாக வந்தவன் என்றார். பாருங்கள், ஓடும்போது அவருடையது, நின்றதும் என்னுடையது. நான் பையைத் திறந்தேன். அவர் பிரிண்ட் எடுத்த டாகுமென்ட் அதில் இருந்தது. முதல் பக்கத்தைப் பிரித்து நரைத்த தலைக்காரர் கையில் கொடுத்தேன். எழுதியவர் பெயர் இதில் இருக்கிறது, என் பெயர் எதிலும் இல்லை என்றேன். அவர் பக்கத்தைப் பார்த்தார், டீம் லீடைப் பார்த்தார், மூடிவைத்தார். படகு கரைக்குத் திரும்பியது. படகுக்காரர் மட்டும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஏதோ முனகிச் சிரித்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கதை. கிளையண்ட் போனார், போனவர் போனவர்தான். ஆன்சைட் இல்லை, அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. என் பாஸ்போர்ட் இன்றைக்கும் கன்னி கழியாமல் கிடக்கிறது. அதுபற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் அடுத்த வாரம் முதலாளி எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டபோது, டீம் லீட் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். டெஸ்டிங் ரிப்போர்ட். பாஸ் என்று எழுதியிருக்கிறது, கீழே கையெழுத்து இருக்கிறது, நான் இதை நம்பித்தானே போனேன் என்றார். சேச்சி ஒன்றும் புரியாமல் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞான் டெஸ்ட் செய்ததாக்கும் சார். எல்லா தடவையும் வந்நதாக்கும்," என்று மட்டும் சொன்னார். நான் அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் 'ஸ்லீப் 8' வெளியே வரும். திறக்கவில்லை. சேச்சியின் கான்ட்ராக்டை அந்த மாதத்தோடு முடித்துவிட்டார்கள். டீம் லீட் இரண்டு மாதத்தில் பெங்களூரில் வேறு வேலை தேடிக்கொண்டு போனார். நானும் ராஜினாமா எழுதிக்கொடுத்தேன்.

அடுத்த வேலை கிடைப்பதற்கு முன்னால், ஒரு மதியம் கடையில் அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தேன். சேச்சி வந்தார். மல்லி வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து வத்தல் மூட்டையின் மேல் வைத்தார். அந்தப் பெட்டி. கம்பெனியில் வேண்டாம் என்று மூலையில் போட்டிருந்ததைக் கேட்டு வாங்கியிருக்கிறார்.

"வீட்டுல வெச்சு ஒரு மாசம் நோக்கினேன்," என்றார், எனக்காக வரவழைத்துக்கொண்ட தமிழில். "ஆஃப் செய்து ஆன் செய்தா வராது. ரீசெட் மட்டும் அமுக்கினா வரும். என் மேசையில போர்டு எப்பவும் ஆன் ஆக்கும், அதான் எனக்குப் பிடிபடல. நீ அறிஞ்சிருந்தியா?"

"இல்ல சேச்சி."

"பழைய ஸ்கிரிப்ட் காப்பி என் கையில உண்டு, மோனே. ஸ்லீப் எட்டுன்னு எழுதினது யாரு?"

நான் மூட்டையின் சணலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"அவர அடிக்க நீ எடுத்தது என் கையையாக்கும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் எழுதுகிற மாதிரி சொன்னார். பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். மல்லி வாங்கவில்லை.

இப்போது நான் பார்க்கின் மதிலுக்கு உள்ளே ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். எனக்குக் கீழே நாலு பேர். ஐந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது போன வாரம் ஒரு ரெஸ்யூமே வந்தது. பெங்களூர் போதும், அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்புகிறாராம். முதல் வரியே மீன்பிடிப் படகுக்கான எக்கோ டிரைவர், தனியாக வடிவமைத்து எழுதியது. கூடவே ஒரு மெயில், ஆங்கில எழுத்தில் தமிழ். தொடக்கமே தம்பி. படித்துவிட்டு நான் சத்தமாகச் சிரித்ததில் பக்கத்து கேபின்காரர் எட்டிப் பார்த்தார். உடனே பதில் போட்டேன், திங்கட்கிழமை பத்து மணிக்கு வாருங்கள் சார் என்று. பெட்டியை மேசைமேல் வைக்கப்போகிறேன். தனியாக எழுதியவர் அல்லவா, ஓட்டிக் காட்டட்டும். ஆன் பண்ணுவார், போர்டு இல்லை என்று வரும். அணைத்து ஆன் பண்ணுவார்.

சேச்சிக்கு இதைச் சொல்லவேண்டும்போல இருந்தது. நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ரீசெட் பட்டன் எவிடன்னு அவர்கிட்ட சொல்லுவியா?"

"மாட்டேன் சேச்சி."

"உன் ஆபீஸ்ல இப்போ டெஸ்டிங்குக்கு யாராக்கும்?"

"புதுசா ஒரு பொண்ணு, சேச்சி."

"உன் ஸ்லீப் எட்டு கதைய அவகிட்டயாவது சொல்லி வை," என்றார். போனை வைத்துவிட்டார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்லவில்லை. பெட்டி என் மேசைமேல் இருக்கிறது, ஒயர் சொருகியாயிற்று.